எஸ்க்யூஎல் சர்வர் ஸ்கிரிப்டில் மதிப்பு கோணலாக வருகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பில்லிங் மென்பொருள் ஒன்றுதான். ஆனால் வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) உண்டு. அரிசி மண்டிக்கு மூட்டைக் கணக்கு, ஜவுளிக்கடைக்குக் கிளைவாரி விற்பனை, மருந்துக்கடைக்குக் காலாவதிப் பட்டியல். இந்த ஸ்கிரிப்டுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வருகிற போன்களில் பெரும்பாலானவை ஒரே ரகம். கணக்கு சரியாக இருக்கும், மாறிக்குள் (மதிப்பை வைத்திருக்கும் @ குறிப் பெயர்) இருக்கும் மதிப்பும் சரியாக இருக்கும். அதை எழுத்தாக மாற்றி, சர்வருக்கு அனுப்பும் கட்டளை வாக்கியத்துக்குள் ஒட்டுகிற இடத்தில் சறுக்கியிருக்கும்.

கீழே இருப்பது மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்கு. கட்டளைகளை நாம் வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ நேராக அங்கே போகலாம். அதற்கு முன் ஒரே ஒரு வேலை.

## எதுவானாலும் முதலில்: சதுர அடைப்புக்குள் அச்சிடுங்கள்

வாக்கியத்தை ஓட்டுகிற எக்ஸெக் வரியை ஓடாதபடி கமெண்ட் செய்துவிட்டு அதற்கு மேலே இதைப் போடுங்கள்:

பிரிண்ட் '[' + @வாக்கியம் + ']'

சந்தேகப்படும் மாறி ஒவ்வொன்றையும் இப்படியே தனித்தனியாகவும் அச்சிடுங்கள். வெறும் பிரிண்டில் பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளி தெரியாது, அடைப்புக்குறி போட்டால் தெரிந்துவிடும். என்ன வந்தது என்று பார்த்து வழி பிரியுங்கள்:

- அடைப்புக்குறிகூட இல்லாமல் வெற்று வரி: அறிகுறி 1
- [??????]: அறிகுறி 2
- நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறது: அறிகுறி 3
- [1.23457ஈ+006] அல்லது [*]: அறிகுறி 4
- [ச] என்று பாதியில் நிற்கிறது, அல்லது [சென்னை    ] என்று வால் நீள்கிறது: அறிகுறி 5
- அச்சில் எல்லாம் சரி, ஓட்டினால் மேற்கோள்குறிப் பிழை: அறிகுறி 6
- கையால் ஓட்டினால் சரி, இரவு ஷெட்யூலில் ஓடினால் கோளாறு: அறிகுறி 7

## அறிகுறி 1: பிழையும் இல்லை, பலனும் இல்லை

வெற்றிகரமாக முடிந்தது என்று செய்தி வருகிறது. ஆனால் ஒரு ரெக்கார்டுகூட நகரவில்லை. ஒட்டிய துண்டுகளில் ஏதோ ஒன்று நல், அதாவது மதிப்பே இல்லாதது. கூட்டல் குறியால் ஒட்டும்போது ஒரு துண்டு நல் என்றால் மொத்த வாக்கியமும் நல். குடம் பாலில் துளி விஷம் மாதிரி. நல் வாக்கியத்தை எக்ஸெக்குக்குக் கொடுத்தால் அது முணுமுணுக்காமல் சும்மா இருந்துவிடும்.

மாறிக்குத் தொடக்க மதிப்பு இருக்கிறதா? @வாக்கியம் = @வாக்கியம் + ... என்று லூப்பில் சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் முதல் தடவை அது நல் என்பதை மறந்துவிடுகிறார்கள். டிக்ளேர் செய்யும்போதே (மாறியை அறிவிக்கும்போதே) = என்'' என்று, எழுத்தே இல்லாத வெற்றுச் சரத்தைக் கொடுங்கள். நான் பார்த்ததில் பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும்.

ரெக்கார்டு கிடைக்காமல் போனதா? செட் @கிளை = (உள் செலக்ட்) என்று எழுதியிருந்தால், ரெக்கார்டு இல்லாதபோது மாறி நல் ஆகும். செலக்ட் @கிளை = ... என்று எழுதியிருந்தால் நல் ஆகாது, பழைய மதிப்பே தங்கிவிடும். லூப்புக்குள் இது நடந்தால் மதுரைக் கிளையின் விற்பனை திருச்சியின் பெயரில் வரும். நல்லைவிட இது மோசம், ஏனென்றால் யாருக்கும் சந்தேகமே வராது. லூப்பின் தலையில் மாறியை நல் ஆக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

ஃபீல்டே காலியா? நல்லுக்குப் பதில் வேறு மதிப்பைக் கொடுக்கும் இஸ்நல் போடலாம். ஆனால் ஒன்று: இஸ்நல் முதல் மதிப்பின் வகையையும் நீளத்தையும்தான் எடுத்துக்கொள்ளும். முதல் மாறி வார்சார்(5), அதாவது ஐந்து எழுத்து கொள்ளும் எழுத்து வகை, என்றால், பதிலாக நீங்கள் எழுதிய நீளமான சொல் ஐந்து எழுத்தோடு வெட்டுப்படும். கோஅலெஸ்ஸில் இந்தத் தொல்லை இல்லை.

கூட்டல் குறிக்குப் பதில் கன்கேட் போட்டு ஒட்டினால் நல் வெற்றுச் சரமாகிவிடும். 2012 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. தலைப்பு, முகவரி மாதிரி பார்வைக்கு வைக்கிற இடங்களில் நல்லது. எந்த ரெக்கார்டுகள் என்று வடிகட்டும் 'வேர்' பகுதியில் மட்டும் வேண்டாம். லைக் '%%' என்று முடிந்தால் பெயர் நல் இல்லாத எல்லா ரெக்கார்டுகளும் வந்து நிற்கும். அது டெலீட் ஸ்கிரிப்டாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 2: தமிழ்ப் பெயர் கேள்விக்குறியாகிறது

"சென்னை" என்று கொடுத்தால் ஆறு கேள்விக்குறி வரும். கண்ணுக்கு மூன்று எழுத்துதான். ஆனால் சர்வர் ச, கொம்பு, ன, புள்ளி, ன, ஐகாரக் குறி என்று ஆறாக எண்ணுகிறது. இந்த ஆறு கணக்கை நினைவில் வையுங்கள், அறிகுறி 5-இலும் தேவைப்படும்.

மேற்கோளுக்கு முன் 'என்' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா? 'சென்னை' என்று வெறுமனே எழுதினால் சர்வர் அதை டேட்டாபேஸின் கோட்பேஜுக்கு (எழுத்துப் பட்டியலுக்கு) மாற்றும். அந்தக் கோட்பேஜில் தமிழுக்கு இடமில்லை. என்'சென்னை' என்று எழுதுங்கள்.

மாறி என்ன வகை? என் போட்டும் கேள்விக்குறியே வந்தால் மாறி வார்சாராக இருக்கும். தமிழையும் தாங்கும் என்வார்சார் வகை ஆக்குங்கள். வழியில் ஒரே ஒரு மாறி வார்சாராக இருந்தாலும் போதும், அங்கேயே எழுத்து செத்துவிடும். அதனால் முதல் மாறியிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஃபீல்டு என்ன வகை? இங்கேதான் செலவு தொடங்குகிறது. ஃபீல்டே வார்சார் என்றால் அதை மாற்ற வேண்டும். இண்டெக்ஸ், வியூ, மற்ற ஸ்கிரிப்டுகள் எல்லாம் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். 2019 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8 கொலேஷன் (எழுத்தைச் சேமித்து வரிசைப்படுத்தும் அமைப்பு) இருக்கிறது. அதில் வார்சாரும் தமிழைத் தாங்கும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கொலேஷனை மாற்றுவது நீங்களோ நானோ மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிக்கிற வேலை இல்லை. டிபிஏவை (டேட்டாபேஸ் நிர்வாகியை) கூப்பிடுங்கள்.

இன்னொன்று. ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமித்துவிட்டதை எந்தக் கட்டளையாலும் மீட்க முடியாது. அங்கே இப்போது இருப்பது உண்மையிலேயே கேள்விக்குறிதான். மூலக் கோப்போ பழைய பேக்கப்போ இருந்தால்தான் உண்டு.

## அறிகுறி 3: தேதி தவறாக வருகிறது

### 3அ. 12-ஆம் தேதி வரை ஓடுகிறது, 13-இலிருந்து பிழை

ஒரு மாதக் கடைசி. ஜவுளிக்கடைக் கணக்காளர் போனில்: "அண்ணே, பன்னெண்டாம் தேதி வரைக்கும் ரிப்போர்ட் வருது. பதிமூணு போட்டா சிவப்பு எழுத்துல திட்டுது." நான் சிஸ்டத்தைப் பார்க்கவே இல்லை. "புது கம்ப்யூட்டர் போட்டீங்களா, புது லாகினா?" என்று கேட்டேன். புது லாகின்.

அவருக்குத் தெரியாமல் இன்னொன்றும் நடந்திருந்தது. 12 வரை வந்த ரிப்போர்ட்டும் தப்பு. 04-03-2024 என்று அனுப்பியதை சர்வர் ஏப்ரல் 3 என்று படித்திருந்தது. 13-ஆவது மாதம் இல்லாததால்தான் 242-ஆம் எண் பிழை எட்டிப் பார்த்தது. பிழை வந்த நாள் நல்ல நாள் என்றே சொல்வேன்.

சோதனை: டிபிசிசி யூசர்ஆப்ஷன்ஸ் ஓட்டுங்கள். மொழி, தேதி வரிசை இரண்டும் தெரியும். அமெரிக்க ஆங்கிலம் என்றால் மாதம் முதலில், பிரிட்டிஷ் என்றால் நாள் முதலில். இது லாகினோடு ஒட்டிய அமைப்பு. அதனால்தான் பழைய லாகினில் ஓடுவது புதியதில் தடுக்கி விழுகிறது.

தீர்வு எளிது. வாக்கியத்துக்குள் ஒட்டும் தேதியை 112-ஆம் ஸ்டைலில் (வடிவ எண்ணில்) மாற்றுங்கள்:

கன்வெர்ட்(சார்(8), @தேதி, 112)

20240304 என்று கோடு எதுவும் இல்லாமல் வரும். எந்த மொழி அமைப்பிலும் இதற்கு ஒரே அர்த்தம்தான். ஆண்டு முதலில் போட்டு 2024-03-13 என்று கோட்டோடு எழுதினால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். டேட், டேட்டைம்2 வகைகளுக்கு அது சரி. பழைய டேட்டைம் வகைக்கு, பிரிட்டிஷ் அமைப்பில், அதுவும் இதே 242-இல் போய் விழும்.

நம் ஊர்ப் பழக்கப்படி நாள்-மாதம்-ஆண்டு வேண்டுமென்றால் 103 (சாய்கோடு) அல்லது 105 (சிறுகோடு). அது திரையிலோ காகிதத்திலோ காட்டுகிற கடைசி செலக்டில் மட்டும் இருக்கட்டும். லாகினின் மொழியை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று போகாதீர்கள், அடுத்த லாகினில் திரும்ப வரும்.

### 3ஆ. மாதம் 42 என்று வருகிறது

சிரிக்காதீர்கள், வரும். ஃபார்மேட் கட்டளையில் மாதத்துக்குப் பெரிய 'எம்எம்', நிமிடத்துக்குச் சின்ன 'எம்எம்'. மாலை 5:42-க்கு எடுத்த ரிப்போர்ட்டில் சின்னது போட்டிருந்தால் 04-42-2024 என்று வரும். 5:05-க்கு எடுத்திருந்தால் 04-05-2024. மே மாதம் என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். மணிக்கும் இதே கதை: சின்ன 'எச்எச்' 12 மணிக் கணக்கு, பெரியது 24.

### 3இ. வரிசை குழம்புகிறது

01-04, 01-05, 02-04 என்று அடுக்கினால் அது தேதி இல்லை, எழுத்து. ஆர்டர் பையில் மூல ஃபீல்டைக் கொடுங்கள். எழுத்தாக மாற்றிய மதிப்புக்கும் மூல ஃபீல்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சர்வர் மாற்றியதைத்தான் எடுக்கும். டேபிள் பெயரைச் சேர்த்து எழுதினால் சரியாகும்.

### 3ஈ. மாதக் கடைசி நாள் விற்பனை குறைகிறது, அல்லது மறுநாள் கணக்கு உள்ளே வருகிறது

31-ஆம் தேதி வரை என்று தேதியை மட்டும் கொடுத்தால் அது 31-ஆம் தேதி நள்ளிரவு 0:00 மணி. அன்றைய வியாபாரம் முழுக்க வெளியே போய்விடும். இதைச் சரிசெய்ய 23:59:59.999 என்று ஒட்டுபவர்கள் உண்டு. டேட்டைம் வகை ஒரு விநாடியை 300 பங்காகத்தான் பிரிக்கும். .999 என்பது மறுநாள் 0:00 ஆக உருண்டுவிடும். 'மாத முதல் நாளிலிருந்து, அடுத்த மாத முதல் நாளுக்குக் குறைவாக' என்று எழுதுங்கள். இரண்டு தொல்லையும் போய்விடும்.

## அறிகுறி 4: தொகையும் எண்ணும் உருமாறுகின்றன

1.23457ஈ+006 மாதிரி வருகிறது. மூலம் ஃப்ளோட் (தோராயமான தசம எண்) வகை. அதை நேராக வார்சார் ஆக்கினால் ஆறு இலக்கம்தான் மிஞ்சும். முதலில் டெசிமல்(18,2), அப்புறம் வார்சார் என்று இரண்டு படியாக மாற்றுங்கள். எக்ஸெலிலிருந்து ஏற்றிய மொபைல் எண்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். 9876543210 என்ற எண் 9.87654ஈ+009 ஆகி, எஸ்எம்எஸ் யாருக்கும் போகாது. அங்கே டெசிமல்(18,0) போதும். ஆனால் மொபைல் எண்ணைக் கூட்டப்போவதும் இல்லை, பெருக்கப்போவதும் இல்லை. அந்த ஃபீல்டு தொடக்கத்திலேயே எழுத்து வகையாக இருந்திருக்க வேண்டும்.

பணத்தையே ஃப்ளோட்டில் வைத்திருக்கிறார்கள் என்றால் ஃபார்மேட்டை எவ்வளவு சரிசெய்தாலும் எங்காவது சில்லறை இடிக்கும். ஃபீல்டின் வகையை மாற்றச் சொல்லி டிபிஏவிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஒற்றை நட்சத்திரம் வருகிறது. முழு எண்ணைச் சின்ன வார்சாருக்குள் திணித்திருக்கிறீர்கள். 1250-ஐ வார்சார்(3)-க்குள் போட்டால் பிழை சொல்லாமல் * ஒன்றைக் கையில் கொடுக்கும். இண்ட் வகைக்கு வார்சார்(12) எப்போதும் போதும்.

கமா தவறான இடத்தில் விழுகிறது. 'மணி' என்ற பணத்துக்கான வகையை 1-ஆம் ஸ்டைலில் மாற்றினால் 1,234,567.50 என்று மில்லியன் கணக்கில் வரும். நமக்கு வேண்டியது 12,34,567.50. ஃபார்மேட்(@தொகை, 'என்2', 'ஈஎன்-ஐஎன்') கொடுத்தால் லட்சக் கணக்கில் கமா விழும். சில நூறு ரெக்கார்டுகளுக்குப் பரவாயில்லை. லட்சக்கணக்கில் ஓடவிட்டால் ஃபார்மேட் தவழும். அந்த வேலையை எக்ஸெலிடமோ ரிப்போர்ட் கருவியிடமோ விட்டுவிடுங்கள். கமா விழுந்தபின் அது எழுத்துதான், அதை மறுபடி டெசிமல் ஆக்கப் பார்த்தால் பிழை வரும்.

சதவீதம் எப்போதும் 0. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்திருக்கிறீர்கள். 100.0-ஆல் முதலில் பெருக்குங்கள்.

245-ஆம் எண் பிழை. 'பில் எண் ' + 5 என்று எழுதினால் சர்வர் 5-ஐ எழுத்தாக்காது, 'பில் எண்' என்பதை எண்ணாக்கப் பார்த்துத் தோற்கும். எண்ணைக் கேஸ்ட் செய்து (எழுத்து வகைக்கு மாற்றி) ஒட்டுங்கள்.

## அறிகுறி 5: எழுத்து வெட்டுப்படுகிறது, அல்லது வால் நீள்கிறது

வார்சார் அல்லது என்வார்சார் என்று எழுதி அடைப்பில் எண் போடாமல் விடுவது கெட்ட பழக்கம். டிக்ளேரில் அதற்கு நீளம் 1. கேஸ்ட், கன்வெர்ட்டுக்குள் 30. அதனால் "சென்னை" வெறும் "ச" ஆகிறது, முகவரி 30-இல் நிற்கிறது. மாறிக்குள் போடும்போது சர்வர் வெட்டிவிட்டு வாய் திறக்காது. டேபிளுக்குள் போடும்போதுதான் சத்தம் போடும்.

தமிழில் வெட்டு விழும் இடம் இன்னும் அசிங்கமாக இருக்கும். லெஃப்ட்(என்'சென்னை', 3) கொடுத்தால் கிடைப்பது "சென", 5 கொடுத்தால் "சென்ன". லேபிளில் 20 எழுத்து வேண்டுமென்றால் நீளத்தை இரட்டிப்பாக வையுங்கள், வெட்டுவதை அச்சு வடிவமைப்பில் செய்யுங்கள்.

நீண்ட வாக்கியம் 4000-இல் நிற்கிறது. முதலில் லென் போட்டு நீளத்தைப் பாருங்கள். என்வார்சாரில் பிரிண்ட் 4000 எழுத்துக்கு மேல் காட்டாது. வாக்கியம் முழுசாகவே இருக்கலாம், காட்டுவதுதான் குறைவு. லென்னே 4000 சொன்னால் உண்மையில் வெட்டுப்பட்டிருக்கிறது. மாறியை என்வார்சார்(மேக்ஸ்) ஆக்கியும் தீரவில்லையா? ஒட்டுகிற துண்டுகள் எல்லாம் சாதாரண நீளம் என்றால் ஒட்டி முடிக்கும்போதே வெட்டிவிடும், மாறிக்கு வந்து சேர்வதே பாதிதான். முதல் துண்டைக் கேஸ்ட்(என்'' ஆஸ் என்வார்சார்(மேக்ஸ்)) என்று தொடங்குங்கள்.

வால் நீள்கிறது. சார்(10) வகை இடைவெளியால் நிரப்பிக்கொள்ளும். ஆர்ட்ரிம் போடுங்கள். லென் பின்னால் இருக்கும் இடைவெளியை எண்ணாது, டேட்டாலெங்த் எண்ணும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ட்ரிம் போட்டும் போகவில்லையென்றால் அது இடைவெளியே இல்லை. எக்ஸெலிலிருந்தோ வலைப்பக்கத்திலிருந்தோ ஒட்டியபோது கூடவே வந்த 160-ஆம் எண் எழுத்து, அல்லது டேப், அல்லது வரி முறிவு. ரைட்(@பெயர், 1) மேல் யூனிகோட் போட்டால் எண் தெரியும். அந்த எண்ணை ரிப்ளேஸ் செய்யுங்கள்.

## அறிகுறி 6: மேற்கோள்குறி மூடவில்லை என்கிறது

தூத்துக்குடிக் கிளைக்கு மட்டும் ரிப்போர்ட் வரவில்லை என்றார்கள் ஒரு தடவை. வாடிக்கையாளர் பட்டியலில் டி'சில்வா, டி'குரூஸ். பெயருக்குள் இருக்கும் அந்த ஒற்றைக் குறியில் வாக்கியம் முடிந்துவிட்டதாக சர்வர் நினைத்துக்கொள்ளும். 105-ஆம் எண் பிழை.

அவசரத்துக்கு: ரிப்ளேஸால் ஒரு குறியை இரண்டாக்குங்கள். குவோட்நேம்(@பெயர், '''') என்பதும் அதைத்தான் செய்யும். ஆனால் 128 எழுத்துக்கு மேல் போனால் நல் கொடுத்துவிடும், நேராக அறிகுறி 1-க்குப் போய்ச் சேருவீர்கள்.

நிரந்தரத்துக்கு: மதிப்பை ஒட்டவே வேண்டாம். பாராமீட்டராக அனுப்புங்கள்:

எக்ஸெக் எஸ்பி_எக்ஸிகியூட்எஸ்க்யூஎல் @வாக்கியம், என்'@பெயர் என்வார்சார்(100)', @பெயர் = @வாடிக்கையாளர்

இப்படி அனுப்பினால் தேதிக்கு ஸ்டைல் வேண்டாம், பெயருக்குக் குறி வேண்டாம், தமிழுக்குத் தனிக் கவனம் வேண்டாம். வகை மாறாமல் போய்ச் சேரும். நான் புதிதாக எழுதும் ஸ்கிரிப்டுகளில் ஒட்டுவது டேபிள் பெயரும் ஃபீல்டு பெயரும் மட்டும்தான், அவற்றைப் பாராமீட்டராக அனுப்ப முடியாது என்பதால். அவற்றுக்குக் குவோட்நேம். @வாக்கியம் என்வார்சாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 214-ஆம் எண் பிழை.

## அறிகுறி 7: மேனேஜ்மெண்ட் ஸ்டுடியோவில் சரி, பேட்ச் கோப்பில் கோளாறு

ஸ்டுடியோ என்பது நாம் கையால் ஓட்டுகிற திரை. பேட்ச் கோப்பிலிருந்து எஸ்க்யூஎல்சிஎம்டி என்ற கட்டளை வரிக் கருவி வழியாக ஓடும்போது பார்க்க வேண்டியவை, எளியதிலிருந்து:

- இடைவெளி உள்ள மதிப்புக்கு இரட்டை மேற்கோள் போட்டீர்களா? போடாவிட்டால் "தி நகர்" முழுதாகப் போய்ச் சேராது.
- பேட்ச் கோப்புக்குள் லைக் இருந்தால் ஒவ்வொரு % குறியையும் %% ஆக்குங்கள்.
- ஸ்கிரிப்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் கோ-வுக்குக் கீழே பழைய மாறியைத் தேடுகிறீர்களா? கோ வந்ததும் மாறிகள் அழிந்துவிடும். 137-ஆம் எண் பிழை இதற்குத்தான். $(பெயர்) என்று எழுதும் எஸ்க்யூஎல்சிஎம்டி மாறிகள் மட்டும் கோ-வைத் தாண்டும். அவற்றை ஸ்டுடியோவில் சோதிக்க க்வெரி மெனுவில் எஸ்க்யூஎல்சிஎம்டி மோடைப் போட வேண்டும்.
- தமிழ் உள்ள ஸ்கிரிப்ட் யூடிஎஃப்-8 கோப்பா? எஃப் ஸ்விட்சில் 65001 கொடுங்கள். இல்லாவிட்டால் தலையில் குறி போட்ட ரோமன் எழுத்துகள் குவியும்.
- இந்தக் கருவி இயல்பில் குவோட்டட் ஐடென்டிஃபையரை (இரட்டை மேற்கோளுக்குள் இருப்பதை டேபிள், ஃபீல்டு பெயராகப் படிக்கும் அமைப்பை) அணைத்து வைத்திருக்கும். ஸ்கிரிப்டின் தலையில் அதை ஆன் செய்யுங்கள்.
- ஷெட்யூல் எந்த லாகினில் ஓடுகிறது? அதன் மொழி வேறு என்றால் 3அ-வுக்குத் திரும்புங்கள்.

## டிபிஏவைக் கூப்பிட வேண்டிய இடம்

ஃபீல்டின் வகையையோ கொலேஷனையோ மாற்ற வேண்டியிருந்தால், தவறான தேதியோடு அப்டேட்டோ டெலீட்டோ ஏற்கெனவே ஓடிவிட்டிருந்தால், கேள்விக்குறிகள் டேபிளுக்குள்ளேயே இருந்தால், மேற்கொண்டு எதையும் ஓட்டாமல் கையை எடுத்துவிடுங்கள். டெலீட் ஓடிவிட்டது என்றால் பில் போடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். புது ரெக்கார்டுகள் ஏறஏறப் பேக்கப்பிலிருந்து மீட்பது சிக்கலாகும். வெளியாட்கள் திரையில் தட்டுகிற மதிப்பு நேராக வாக்கியத்துக்குள் ஒட்டப்படுகிறது என்று தெரிந்தாலும் சொல்லுங்கள். அதில் யாராவது வேண்டுமென்றே ஒரு மேற்கோள்குறியைத் தட்டிக் கட்டளையை நுழைக்கலாம்.

கூப்பிடும்போது "ரிப்போர்ட் வரலை" என்று மட்டும் சொன்னால் அவர் முதலிலிருந்து கேட்பார். அடைப்புக்குறியோடு அச்சிட்ட வரி, பிழை எண், டிபிசிசி யூசர்ஆப்ஷன்ஸ் காட்டிய மொழி, அந்த ஃபீல்டின் வகை, சர்வரின் பதிப்பு, கடைசி பேக்கப் எடுத்த நேரம். இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போனை எடுங்கள்.